சகாயமேரி எல்லாரையும் நம்பினாள்

சதுரங்கப் போட்டியில் தோற்றவர் எழுந்ததும் முதலில் தேடுவது கழிப்பறையை, அடுத்துத் தேடுவது என்னை.

கோல சிலாங்கூரிலிருந்து சபாக் பெர்ணாம் வரைக்கும் எந்த டேவானில், அதாவது பொது மண்டபத்தில், வார இறுதிப் போட்டி நடந்தாலும், வாசல் ஓரமாக, மின்விசிறிக் காற்று எட்டாத இடமாகப் பார்த்து எனக்கு ஒரு மேசை போட்டுவிடுவார்கள். மேசையில் ஒரு பலகை, ஒரு மடிக்கணினி, என் மூக்குக்கண்ணாடி. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஆட்டக்காரர்கள் வந்து உட்கார்ந்து, ஆடிய ஆட்டத்தை மறுபடி ஆடிக் காட்டுவார்கள். எங்கே சரிந்தது, எந்த நகர்வில் ஆட்டம் கைமாறியது, கண்ணில் படாமல் போனது எது என்று நான் சொல்ல வேண்டும். எங்கள் வட்டாரத்தில் இதற்கு போஸ்ட்மார்ட்டம் என்று பெயர். எப்படிச் செத்தாய் என்று செத்தவருக்கே விளக்கிச் சொல்லும் வேலை வேறு யாருக்காவது வாய்த்திருக்கிறதா, எனக்குத் தெரியவில்லை.

அடுத்தவர் தப்பை அவர் மனம் நோகாமல் எடுத்துச் சொல்லியே தீர வேண்டிய நிலையில் நீங்களும் இருந்தால், பள்ளி ஆசிரியரோ, மெக்கானிக்கோ, கல்யாணமானவரோ, யாராக இருந்தாலும் சரி, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும். அந்தத் தைரியத்தில்தான் இதையெல்லாம் சொல்கிறேன்.

போன வருஷத்துக் கதைகள் இவை. அதிலும் முக்கால்வாசி சகாயமேரியின் கதை. அவள் அரசாங்க கிளினிக்கில் மிஸ்ஸி, அதாவது நர்ஸ். ஊசி போட்டால் வலிக்காது, சதுரங்கமும் நன்றாக ஆடுவாள். எங்கள் மாவட்ட அணியில் நாலு பேர் ஆடுவார்கள், ஐந்தாவது ஆள் ரிசர்வ். மூன்று வருஷமாக அந்த ஐந்தாவது ஆள் இவள்தான். ரிசர்வ் என்றால் அணியின் டீ-சட்டை கிடைக்கும், குழுப் படத்தில் ஓரமாக நிற்கலாம், மத்தியானம் எல்லாருக்கும் நாசி பொட்டலம், சோற்றுப் பொட்டலம்தான், வாங்கி வரலாம். காயைத் தொட முடியாது. "இந்த வருஷமும் பொட்டலம் வாங்கத்தான் கூப்பிடுவாங்கன்னா, நான் ஆட்டத்தையே விட்டுடறேன்க்கா" என்று ஜனவரியிலேயே சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிற ஆள். வருஷக் கடைசியில் கோல சிலாங்கூரில் நடக்கும் தேர்வுப் போட்டியில் முதல் நாலுக்குள் வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அவ்வளவுதான்.

ஒரே ஆட்டம், இரண்டு பிரேதம்

புக்கிட் பெலிம்பிங்கில் வருஷத்தின் முதல் போட்டி. துரித ஆட்டம் என்பதால் நகர்வுகளை யாரும் எழுதி வைப்பதில்லை, எல்லாம் ஞாபகத்தில்தான். முதல் சுற்று முடிந்ததும் செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்கார முருகையாவும், சிகிஞ்சானில் மீன் விற்கும் லிம்மும் ஒன்றாக வந்து உட்கார்ந்தார்கள். ஜெயித்தது லிம். முருகையா காய்களை வைத்து ஆடிக் காட்டினார். பத்தாவது நகர்வில் லிம் குறுக்கே கையை நீட்டி, "என் குதிரை இங்கே இல்லை" என்றார். "இங்கதான் இருந்துச்சு, நான் பார்த்தேன்" என்றார் முருகையா. "என் குதிரை எங்கே இருந்ததுன்னு எனக்குத் தெரியாதா?" என்றார் லிம். சரி, இரண்டு பேரும் தனித்தனியாக ஆடிக் காட்டுங்கள் என்றேன். கடவுளே! இரண்டு பேரும் இரண்டு வேறு ஆட்டம் ஆடிக் காட்டினார்கள். ஒரே ஒரு சிப்பாய்கூட இரண்டிலும் ஒத்துப்போகவில்லை.

தோற்றவர் ஞாபகத்தில் எதிராளியின் காய்கள் எப்போதும் ஒரு கட்டம் தள்ளித்தான் இருக்கும், இது இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். ஜெயித்தவருக்கும் அந்த வியாதி உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. முருகையா சொன்ன ஆட்டத்தைக் கணினியில் போட்டுப் பார்த்தேன். அதில் முருகையாதான் ஜெயித்திருக்க வேண்டும். அதை அவரிடம் சொன்னதும் மனுஷர் முகம் பூவாய் மலர்ந்துவிட்டது. லிம்மின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுச் சொன்னார்: "பார்த்தீங்களா பாஸ், நான் நல்லாத்தான் லா ஆடியிருக்கேன்."

ராணி போனதும் நீண்ட கை

அதே நாள், அதே டேவான். மூன்றாவது சுற்றில் சகாயமேரி தோற்றுவிட்டு வந்தாள். இவளிடம் ஒரு பெரிய சௌகரியம், ஆடியதை ஒரு நகர்வுகூடப் பிசகாமல் திருப்பி ஆடிக் காட்டுவாள். நானும் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். நன்றாகத்தான் ஆடியிருக்கிறாள். ஒரு இடத்தில் அவள் ராணியை எதிராளியின் ரூக் வந்து தின்றுவிட்டது. "இங்க கை கொடுத்துட்டேன்க்கா" என்று நிறுத்தினாள். கை கொடுத்தாள் என்றால் தோல்வியை ஒப்புக்கொண்டு எதிராளியின் கையைக் குலுக்கிவிட்டாள்.

எனக்குத் தலை சுற்றியது. அந்த ரூக்தான் அவருடைய கடைசி வரிசைக்கு இருந்த ஒரே காவல். அது ராணியைத் தின்னக் கிளம்பியதும் வரிசை காலி. அவருடைய ராஜாவோ மூன்று சிப்பாய்களுக்குப் பின்னால் நகர இடமில்லாமல் கிடக்கிறார். சகாயமேரியின் ரூக் நேராகக் கீழே இறங்கினால் ஒரே நகர்வில் மேட். ராணி போனதால் ஒன்றுமே ஆகியிருக்காது. காயைத் தூக்கி அந்தக் கட்டத்தில் வைத்துக் காட்டினேன். "ஏண்டி, இது உன் கண்ணுக்குத் தெரியலையா?" என்றேன், கோபத்தை அடக்க முடியாமல். அவள் சொன்ன பதில்: "அவர் அவ்ளோ தைரியமா எடுத்தாருக்கா. எல்லாத்தையும் பார்த்துட்டுத்தான் எடுத்திருப்பாருன்னு நினைச்சேன்."

ரோஸ்லியின் ஆழ்ந்த திட்டம்

ரோஸ்லி கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்க வரும் ஆட்களுக்குப் படகு ஓட்டுகிறார். எஸ்டேட் பக்கத்தில் வளர்ந்ததால் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. தஞ்சோங் காராங் போட்டியில் ஒரு நகர்வுக்கு அவர் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். தலையைக் குனிந்து, நெற்றியில் கையை வைத்து, அசையவே இல்லை. எதிரே இருந்த கணக்காய்வாளர் ஒருவர் வேர்த்துப் போய்விட்டார். கடைசியில் ரோஸ்லி ஒரு சாதாரண சிப்பாயை ஒரு கட்டம் தள்ள, அந்த மனிதர் ஏதோ பெரிய பூகம்பம் வரப்போகிறது என்று நினைத்து, நன்றாக முன்னேறி நின்ற தன் காய்களையெல்லாம் பின்னால் இழுத்துக்கொண்டு, ஒடுங்கி, நசுங்கித் தோற்றார்.

என் மேசைக்கு வந்ததும் கணக்காய்வாளர் கேட்ட முதல் கேள்வியே அந்தச் சிப்பாயைப் பற்றித்தான். நானும் கணினியும் சேர்ந்து தேடினோம். அந்த நகர்வில் ஒரு மண்ணும் இல்லை. ரோஸ்லியையே கேட்டுவிடுவோம் என்று, அவ்வளவு நேரம் என்ன யோசித்தீர்கள் என்றேன். அக்கா என்பது அவர் வாயில் காக். பின்கழுத்தைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "எங்க காக் யோசிச்சேன்? தூங்கிட்டேன் லா."

டாக்டர் எழுந்து போகிறார்

பல் டாக்டர் சிவநாதனை இப்போது உங்களுக்கு அறிமுகம் செய்தாக வேண்டும். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா காலத்தில் எஸ்டேட் கிராணி வீடு, குமாஸ்தா உத்தியோகம், இப்போது வீடு நிறைய டாக்டர்கள். கிள்ளானில் கிளினிக் வைத்திருக்கிறார். எங்கள் மாவட்டத்துக்காரர் இல்லாததால் எங்கள் அணியில் அவருக்கு இடம் கிடையாது, ஆனால் எங்கள் போட்டி எதையும் விடமாட்டார். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, மரியாதையான பேச்சு, பார்த்தால் கும்பிடத் தோன்றும். அவர் என்னிடம் வந்து இதுவரை "நான் எங்கே தப்பு செய்தேன்" என்று கேட்டதே இல்லை. "அவருக்கு எங்கே அதிர்ஷ்டம் அடிச்சது" என்றுதான் கேட்பார்.

அவரிடம் ஒரு வழக்கம். ஒரு காயைப் பலி கொடுப்பார். பலி என்றால் வேண்டுமென்றே எதிராளி தின்னட்டும் என்று கொண்டுபோய் வைப்பது. வைத்துவிட்டு, கடிகாரத்தை மெதுவாகத் தட்டி, நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னால் தள்ளி எழுந்து, தேத்தண்ணி மேசைக்குப் போய்விடுவார். பலகையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். எதிரே உட்கார்ந்திருப்பவன் என்ன நினைப்பான்? மனுஷன் கடைசி வரைக்கும் கணக்குப் போட்டு முடித்துவிட்டார், இனிமேல் பார்க்க ஒன்றுமில்லை என்று தேத்தண்ணி குடிக்கப் போகிறார், நம் கதை முடிந்தது என்றுதானே? பாதிப் பேர் அங்கேயே செத்துப்போவார்கள். நான் அவர் ஆட்டங்களை அலசியதில் அந்தப் பலிகளில் பாதி வெறும் காற்று. ஒரு நாள் துணிந்து கேட்டேவிட்டேன், இது பயமுறுத்துகிற வேலை இல்லையா டாக்டர் என்று. துளியும் கோபப்படாமல் சொன்னார்: "நான் தேத்தண்ணி குடிக்கப் போறதுக்கு அவை ஏன் பிள்ளை பயப்பட வேணும்?"

திறந்து கிடந்த வாசல்

சுங்கை ஆயர் தாவாரில் சகாயமேரியும் டாக்டரும் மோதினார்கள். அவள் ராஜா மூலைக்குப் பக்கத்தில் பத்திரமாக, முன்னால் மூன்று சிப்பாய்களுடன் உட்கார்ந்திருந்தார். டாக்டர் தன் பிஷப்பைக் கொண்டுவந்து அந்த ஓரச் சிப்பாயைத் தின்று செக் வைத்தார். பிஷப்பை ராஜா தின்னலாம். தின்றால் அடுத்து டாக்டரின் குதிரை குதிக்கும், ராணி பாயும், புத்தகங்களில் எல்லாம் இருக்கிற பழைய தாக்குதல். வைத்தார், எழுந்தார், தேத்தண்ணிக்குப் போனார். சகாயமேரி பிஷப்பைத் தொடாமல் ராஜாவை மூலைக்குள் ஒதுக்கிவிட்டாள். டாக்டர் திரும்பி வந்து பிஷப்பைச் சௌகரியமாகப் பின்னால் எடுத்துக்கொண்டார். ஒரு சிப்பாய் இலவசம். ராஜாவுக்கு முன்னால் கூரையில் ஓட்டை. அந்த ஓட்டை வழியாகவே ஆட்டம் போய்விட்டது.

மேசையில் வைத்துப் பார்த்தால் அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. டாக்டரின் குதிரை குதிக்க வேண்டிய கட்டத்தைச் சகாயமேரியின் பிஷப் ஒன்று நேராகக் காவல் காத்துக்கொண்டு நிற்கிறது. குதிரை வந்தால் அதையும் தின்றுவிடலாம். வந்த பிஷப்பும் லாபம், வரும் குதிரையும் லாபம். தாக்குதலே கிடையாது. "உன் காவலை உனக்கே தெரியலையா?" என்றேன். தெரியும் என்றாள். பார்த்தாளாம். பார்த்தும் தின்னவில்லையாம். டாக்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், மீசைக்குள் மட்டும் ஒரு சிரிப்பு. அவர் போனபிறகு அவள் சொன்னாள்: "எனக்கு என் கண்ணு சொன்னதைவிட, அவர் முதுகு சொன்னது பெரிசாத் தெரிஞ்சிச்சுக்கா."

அன்றைக்கு வீட்டுக்குப் போகும்வரை எனக்கு மனசே சரியில்லை. ஆட்டம் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுக்கலாம். கண்ணில் படாததைக் காட்டிக்கொடுக்கலாம். எல்லாம் தெரிந்து, எல்லாம் கண்ணில் பட்டு, தன்னை மட்டும் நம்பாதவளுக்கு எந்தக் காயைத் தூக்கிக் காட்டுவது? எங்கள் வீட்டுக்காரரிடம் புலம்பினேன். அவருக்குச் சதுரங்கத்தில் குதிரை எப்படிப் போகும் என்பதுகூடத் தெரியாது, ஆனாலும் எல்லாப் போட்டிக்கும் என்னைக் காரில் கொண்டுவந்து விடுகிற புண்ணியவான். ஸ்டீரிங்கைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "நல்ல மனசு உள்ள பிள்ளை, வேற ஏதாச்சும் விளையாட்டு ஆடச் சொல்லு."

கிளினிக்கில் பிடிபட்டவர்

அந்தப் புண்ணியவானுக்குச் சீனி வியாதி. மாதாமாதம் கிளினிக்கில் பரிசோதனை. ஒரு காலையில் நானும் கூடப் போயிருந்தேன். சகாயமேரிதான் உள்ளே இருந்தாள். விரலில் குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டே, "இந்த வாரம் இனிப்பு சாப்பிட்டீங்களா அண்ணே?" என்றாள். "சேச்சே, இனிப்பா? வாயில வைக்கிறதே இல்லம்மா" என்றார் எங்கள் வீட்டுக்காரர். அப்படி ஒரு தெளிவான குரல், அப்படி ஒரு நேரான பார்வை! கல்யாணமாகி இத்தனை காலம் ஆன நானே நம்பிவிட்டேன்.

சகாயமேரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தே தாரேக்ல எத்தனை கரண்டி கட்டிப்பால் அண்ணே?" என்றாள். "அது... கடைக்காரன் போடறது." "மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணா?" "சாயங்காலம் எப்பவாச்சும்..." "கூட ஒரு கோரேங் பீசாங்?" மனுஷன் தலை தொங்கிவிட்டது. வாழைப்பழப் பொரியல் வரைக்கும் வெளியே வந்துவிட்டது. இதே மாதிரி அன்றைக்கு வந்தவர்கள் எல்லாரையும் ஒருத்தர் விடாமல் பிடித்தாள். மருந்து சாப்பிட்டேன் என்றவர் சாப்பிடவில்லை. நடந்தேன் என்றவர் நடக்கவில்லை. பலகைக்கு முன்னால் எல்லாரையும் நம்புகிறவள் இங்கே ஒருத்தரையும் நம்பவில்லை.

எனக்கு அப்போதுதான் மண்டையில் விளக்கு எரிந்தது. அவளை வெளியே கூட்டிக்கொண்டு வந்து, "இத பாரு, இனிமே உன் எதிரே எவன் உக்காந்தாலும், அவன் டாக்டரா இருந்தாலும் சரி, துரையா இருந்தாலும் சரி, எங்க வீட்டுக்காரர்னு நினைச்சுக்கோ. சொல்றதெல்லாம் பொய்னு வச்சுக்கிட்டு ஆரம்பி" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மருந்துப் பையோடு வெளியே வந்த எங்கள் வீட்டுக்காரர் சொன்னார்: "என்னை வச்சு ஏதோ நல்ல காரியம் நடக்குது போல, சந்தோஷம்."

தேர்வுப் போட்டி

கோல சிலாங்கூர் டேவான். கடைசிச் சுற்றுக்கு முன்னால் நிலவரம் இதுதான்: எங்கள் மாவட்டத்துக்காரர்களில் சகாயமேரி நாலாவது இடத்துக்கு ஒட்டினாற்போல் இருக்கிறாள். கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் அணியில் இடம். சமன் செய்தால்கூட ஐந்தாவது, அதாவது மறுபடி பொட்டலம் வாங்குகிற வேலை. எதிரே யார் என்று ஒட்டியிருந்த தாளைப் போய்ப் பார்த்தேன். டாக்டர் சிவநாதன். போச்சு போ என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

வேடிக்கை பார்ப்பவர்களைத் தடுக்கக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். வாய் திறக்கக் கூடாது, கண்ணால்கூடச் சைகை காட்டக் கூடாது, அலசுகிறவளுக்கு அது மரணதண்டனை. ஆட்டம் சுங்கை ஆயர் தாவாரில் பார்த்த மாதிரியே வளர்ந்தது. டாக்டரின் பிஷப் அதே ஓரச் சிப்பாயைத் தின்று செக் வைத்தது. அவர் எழுந்து தேத்தண்ணிக்குப் போனார். ஆனால் இந்தத் தடவை குதிரை குதிக்கும் கட்டத்துக்குக் காவல் இல்லை. இந்தத் தடவை தாக்குதல் நிஜம். தின்னாதே, தாயே, இன்றைக்கு மட்டும் தின்னாதே என்று மனசுக்குள் அலறினேன். "எல்லாம் பொய்னு வச்சுக்கோ" என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்த வாயை அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

அவள் பலகையைப் பார்க்கவே இல்லை. நாற்காலியில் முழுசாகத் திரும்பி, தேத்தண்ணி மேசைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். யோசிக்கிறாளா, தாகம் எடுக்கிறதா, விட்டுவிட்டு வீட்டுக்குப் போகப் போகிறாளா, ஒன்றும் புரியவில்லை. கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு திரும்பினாள், ராஜாவை எடுத்தாள், பிஷப்பைத் தின்றாள். டாக்டர் சட்டைக் கையைத் துடைத்துக்கொண்டே வேகமாக வந்து உட்கார்ந்தார். குதிரை குதித்துச் செக். அவள் ராஜா ஓடி ஒளியாமல் முன்னால் ஒரு அடி எடுத்து வைத்து வெட்டவெளிக்கு வந்து நின்றார். டாக்டர் ராணியை விரட்டிக்கொண்டு வந்தார். அவள் ஒரு சிப்பாயைத் தள்ளி அந்த ராணியையே விரட்டினாள். இன்னொரு செக், ராஜா நகர்ந்தார். இன்னொன்று, மறுபடி நகர்ந்தார். அப்புறம் செக் கொடுக்க ஒன்றுமில்லை. தின்ற பிஷப் அவள் கணக்கில் அப்படியே இருந்தது. கொஞ்ச நேரத்தில் டாக்டர் கையை நீட்டினார். முருகையா கயிற்றையே தாண்டிக் குதித்துவிட்டார். நடுவர் விரலை ஆட்டி அதட்ட, அவரிடம் மன்னிப்புக் கேட்கிற சாக்கில் டேவானுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "மாஃப் லா என்ச்சிக், எங்க மிஸ்ஸி டீமுக்கு வந்துட்டாங்க!"

ஓரச் சிப்பாய்

இரண்டு பேரும் என் மேசைக்கு வந்தார்கள். சகாயமேரி முகத்தில் இருந்த வெளிச்சத்தை என்னால் சொல்லி மாளாது. எனக்கே கண் கலங்கியது, கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் துடைத்துக்கொண்டேன். ஆட்டத்தைக் கணினியில் போட்டேன். அவள் ராஜா வெட்டவெளிக்கு வந்த இடத்தில் கணினி சடாரென்று டாக்டர் பக்கம் சாய்ந்தது. நான் நினைத்தது சரிதான், பலி நிஜம். டாக்டர் அங்கே ராணியைக் கூப்பிட்டிருக்கவே கூடாது. தன் ஓரச் சிப்பாயை அமைதியாக இரண்டு கட்டம் தள்ளியிருக்க வேண்டும், அவ்வளவுதான். செக்கும் கிடையாது, சத்தமும் கிடையாது. ஆனால் அடுத்த அடியில் அதே சிப்பாய் ராஜாவுக்குச் செக் வைக்கும், பின்னால் ராணி காவல், ராஜாவுக்குப் போக்கிடம் இல்லை. சகாயமேரி தோற்றிருப்பாள். அணியில் இடம் போயிருக்கும்.

சொல்வதா வேண்டாமா? சக துயரவாசிகளே, நீங்களே சொல்லுங்கள். இப்போதுதான் ஒருத்திக்குத் தன்மேல் நம்பிக்கை வந்திருக்கிறது, அதற்குள் "நீ தின்றது தப்பு" என்று எந்த வாயால் சொல்வது? மடிக்கணினியைப் பாதி மூடினேன். ஆனால் அலசல் மேசையில் உட்கார்ந்துகொண்டு பொய் சொன்னால் அப்புறம் அந்த மேசை எதற்கு? திறந்தேன். ஓரச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி வைத்துக் காட்டினேன். டாக்டருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! "பாத்தீங்களோ? பாத்தீங்களோ பிள்ளை? என்ர பலி சரி! நான் வெண்டுகொண்டுதான் இருந்தனான்!" என்று அந்தப் பக்கம் போன நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். தோற்ற மனுஷர் ஜெயித்தவளைவிட ஆனந்தமாக இருந்தார்.

நான் பயந்துகொண்டே சகாயமேரியைப் பார்த்தேன். அவள் அந்தச் சிப்பாயைப் பார்த்தாள், தலையை ஆட்டினாள், முகத்தில் ஒரு வாட்டம்கூட இல்லை. நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு பேசுவாளே, அந்தக் குரலில், அத்தனை அன்பாக, டாக்டரிடம் சொன்னாள்: "மூவ் சரிதான் டாக்டர். ஆனா கப்பு ரொம்பி கையில ஊத்தறதுகூடத் தெரியாம நீங்க என்னையே பார்த்துக்கிட்டு நின்னீங்களே, உங்களுக்கு அது தெரியாதுன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சிடுச்சு."

ஆக மொத்தம், எந்தக் காய் எங்கே போயிருக்க வேண்டும் என்று சொல்ல நான் இருக்கிறேன், அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஜெயித்துவிட்டு வந்து எனக்கே விளக்கிச் சொல்ல இந்த ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள்.